ஆடியில் ஊன்றும் விதையும் ஐப்பசியில் வரும் பரக்கத்தும்



ஆடி பிறந்துவிட்டால் சங்கரன்கோவில் வட்டாரத்தில் இரண்டு வகையான பேச்சுகள் காதில் விழும். ஒன்று, ஆடியில் நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது என்பது. மற்றொன்று, ஆடிப் பட்டம் தேடி விதை என்பது. முன்னது வழக்கத்தால் வந்தது. பின்னது உழவரின் அனுபவத்தால் வந்தது. வருந்தத்தக்க செய்தி என்னவெனில், நம் முஸ்லிம் குடும்பங்களில் பலவற்றில் முதற்பேச்சு தங்கிவிட்டது, இரண்டாம் பேச்சு மறைந்துவிட்டது. ஆடியில் நிக்காஹ் வைக்கலாமா, வீடு குடிபோகலாமா என்று தயங்குவோரை நம் மஹல்லாக்களிலும் காண்கிறோம். ஆடியில் என்ன விதை ஊன்றலாம் என்று கேட்போரைக் காண்பது அரிதாகிவிட்டது.

இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை. நிலம் உள்ளவர் நிலத்திலும், இல்லாதவர் மொட்டை மாடியிலும், அதுவும் இல்லாதவர் வாசலில் ஒரு தொட்டியிலும், இந்த ஆடியிலும் ஆவணியிலும் ஐந்து காய்கறிச் செடிகளையாவது வளர்க்க வேண்டும். இதைப் பொழுதுபோக்காக அன்றி, மார்க்கத்தோடும் குடும்ப நலத்தோடும் அண்டை வீட்டாரின் உரிமையோடும் தொடர்புடைய ஒரு கடமையுணர்வாக நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாதத்தில் பீடை இல்லை

காலத்தையும் மாதத்தையும் பீடையாகக் கருதும் எண்ணத்தை இஸ்லாம் வேரோடு களைந்தது. ஸஃபர் மாதத்தைத் துர்ச்சகுனமாக எண்ணிய அறியாமைக் கால அரபியரின் நம்பிக்கையை நபி (ஸல்) அவர்கள் மறுத்ததை ஸஹீஹ் புகாரி பதிவு செய்துள்ளது. ஸஃபருக்குப் பொருந்தும் அந்தத் தீர்ப்பு ஆடிக்கும் பொருந்தும். ஒரு மாதம் தன்னளவில் நன்மையோ தீமையோ செய்யாது. ஆனால் பருவம் என்பது வேறு. மழை எப்போது வரும், காற்று எப்போது அடங்கும், வெயில் எப்போது தணியும் என்பவை அல்லாஹ் படைப்பில் வைத்த ஒழுங்குகள். சூரியனும் சந்திரனும் கணக்கின்படி இயங்குகின்றன என்று திருக்குர்ஆனின் அர்ரஹ்மான் அத்தியாயம் நமக்கு நினைவூட்டுகிறது. அந்தக் கணக்கைக் கவனித்து நடப்பது அறிவு.

இங்கே சிலருக்கு ஓர் ஐயம் எழலாம். முஸ்லிம்களாகிய நமக்கு ஹிஜ்ரி நாட்காட்டி இருக்க, ஆடி, ஆவணி என்று தமிழ் மாதங்களைப் பேசுவது ஏன்? ஹிஜ்ரி ஆண்டு பிறையைக் கொண்டது. சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவானது. நோன்பும் ஹஜ்ஜும் எல்லாப் பருவங்களிலும் சுழன்று வருவது அதனால்தான். அது இபாதத்துக்குரிய கணக்கு. விதைப்புக்கோ சூரியக் கணக்கு வேண்டும். எகிப்து நாட்டு முஸ்லிம் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிப்தி மாதங்களைக் கொண்டு விதைத்து வந்தனர். நம் நாட்டில் முகலாயர் காலத்தில், ஹிஜ்ரி ஆண்டின் எண்ணை எடுத்துக்கொண்டு சூரிய ஆண்டாக ஓடும் ஒரு கணக்கையே உருவாக்கினர். அதுவே பசலி. பருவம் என்று பொருள்படும் ஃபஸ்ல் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இன்றும் தமிழ்நாட்டு வருவாய்த் துறை ஜமாபந்தியைப் பசலிக் கணக்கில்தான் நடத்துகிறது. 2025 ஜூலை 1-ஆம் நாள் பசலி 1435 தொடங்கியபோது ஹிஜ்ரி 1447 பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. ஒரே எண்ணில் தொடங்கிய இரு கணக்குகளும் இன்று 12 ஆண்டுகள் விலகி நிற்கின்றன. பிறைக்கும் வயலுக்கும் வெவ்வேறு கணக்கு தேவை என்பதை நம் முன்னோர் தெளிவாக அறிந்திருந்தனர் என்பதற்கு நம் கிராம அலுவலகப் பதிவேடே சாட்சி.

நம் மண்ணின் பட்டம் எது?

ஆடிப் பட்டம் என்ற சொல் தமிழகம் முழுவதற்கும் பொதுவானதாயினும், அது ஊருக்கு ஊர் சற்று வேறுபடும். குற்றாலத்தில் தென்மேற்குப் பருவத்தின் சாரல் பொழியும்போது, மலையை விட்டு விலகிய சங்கரன்கோவில் பக்கம் பெரும்பாலும் காற்றுதான் வந்து சேரும். அம்மியும் பறக்கும் என்று சொல்லப்படும் ஆடிக் காற்று இங்கே வெறும் பழமொழியன்று; தென்காசி மாவட்டத்தில் சுழலும் காற்றாலைகளே அதைச் சொல்லும். நம் பகுதிக்கு முதன்மையான மழை வடகிழக்குப் பருவத்தில் வருவது. அது வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டி, ஐப்பசித் தொடக்கத்தில் தமிழகத்தில் நிலைகொள்கிறது. ஆகவேதான் கரிசல் மானாவாரி நிலத்தார் புரட்டாசி வரை காத்திருந்து விதைக்கிறார்கள். கிணறு உள்ளவரும், குடத்தில் நீர் ஊற்றக் கூடிய வீட்டுத் தோட்டத்தாரும் ஆடியிலேயே தொடங்கலாம், தொடங்குவது நல்லது.

காரணம் எளிமையானது. ஆடியின் நடுவில் கத்தரி விதையை நாற்றுக்குத் தூவினால் முப்பது, முப்பத்தைந்து நாட்களில் நாற்று நடவுக்கு ஆயத்தமாகும். அப்போது ஆவணி பிறந்து சில நாட்கள் கடந்திருக்கும். காற்றின் வேகமும் தணியத் தொடங்கும். நட்டு ஏறக்குறைய இரண்டு மாதங்களில், அதாவது ஐப்பசியில், முதற்காய் பறிக்கலாம். மழை வருவதற்குள் செடி வேரூன்றி நிமிர்ந்துவிடும். மழைக்காலத்தில் நட்ட இளநாற்று அழுகிப் போகும். மழைக்கு முன் வளர்ந்த செடி அதே மழையைக் குடித்துக் காய்க்கும்.

வெண்டையை நாற்று விட வேண்டியதில்லை. ஆவணியில் நேரடியாக ஊன்றினால் நாற்பத்தைந்து நாட்களில் பிஞ்சு கிடைக்கும். கொத்தவரையும் அவ்வாறே. தண்டுக்கீரையும் அரைக்கீரையும் ஒரு மாதத்திற்குள் பறிப்புக்கு வரும். பெருமழையில் கீரை அழுகும் ஆதலால் அவற்றை ஆடி, ஆவணியிலேயே விதைத்துப் பலன் எடுத்துக்கொள்ள வேண்டும். பீர்க்கு, புடல், சுரை ஆகிய கொடிகளுக்கு ஆடி உகந்தது.

அவரையின் செய்தி தனியே சொல்லத் தக்கது. பந்தலில் ஏறும் நாட்டு அவரை, பகற்பொழுது குறுகும்போதுதான் பூக்கும் இயல்புடையது. சித்திரையில் ஊன்றினாலும் ஆடியில் ஊன்றினாலும் அது பூப்பது பகல் சுருங்கும் நாட்களில்தான். ஆடியில் ஊன்றிவிட்டுப் பொறுமையோடு இருப்பவருக்குக் கார்த்திகை, மார்கழி, தை என மூன்று மாதங்கள் காய் கிடைக்கும். இடையில் கொடி இலையாகவே வளர்வதைக் கண்டு சலித்துப் பிடுங்கிவிடுவோர் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அல்லாஹ் ஒரு அளவையும் தவணையையும் வைத்திருக்கிறான் என்பதற்கு அவரைக் கொடியைவிட எளிய பாடம் நம் பிள்ளைகளுக்கு வேறு இல்லை.

புதிதாகத் தொடங்குவோர் தக்காளியில் தொடங்க வேண்டாம். நோயும் மழையும் அதனை எளிதில் வீழ்த்தும். கத்தரி, வெண்டை, கொத்தவரை, அவரை, ஒரு கீரை என்று ஐந்தோடு தொடங்குவது போதும். மாடியில் வளர்ப்போர் ஆடிக் காற்று தணியும்வரை நாற்றுகளை மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்தால் அச்சுவரே காப்பாக நிற்கும். குர்பானிக்காக வாங்கிக் கட்டிய ஆடுகளின் புழுக்கையை எறிந்துவிடாமல் குவித்து மட்க விட்டால், அதுவே சிறந்த அடியுரம். இவ்வாண்டுகளில் ஹஜ்ஜுப் பெருநாள் வைகாசியை ஒட்டி வருவதால், அந்த உரம் ஆடி, ஆவணி நடவுக்குப் பதமாக இருக்கும். கத்தரியின் நுனிக் குருத்து வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது என்று பொருள். அந்த நுனியைக் கிள்ளி அழித்துவிட்டு வேப்பங்கொட்டைச் சாறு தெளித்து வந்தால் பெரும்பாலும் கட்டுப்படும். தோட்டக்கலைத் துறை மானியத்தில் வழங்கும் விதைத் தொகுப்புகளையும் மாடித்தோட்டத் தொகுப்புகளையும் வட்டார அலுவலகத்தில் விசாரித்துப் பெறலாம்.

இவற்றையெல்லாம் கிதாபுகளில் தேட வேண்டியதில்லை. மதீனத்து மக்கள் பேரீச்சைக்கு மகரந்தம் சேர்த்த நிகழ்வில், இத்தகைய உலகியல் செய்திகளை அத்தொழிலில் பழகியவர்களே நன்கறிவர் என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். ஆகவே நம் ஊரில் ஐம்பது ஆண்டுகள் ஏர் பிடித்த பெரியவர் எவராயினும், அவர் எந்தச் சமயத்தவராயினும், அவரிடம் சென்று பணிவோடு கேட்டுக் கற்பது சுன்னத்தின் உணர்வுக்கு நெருக்கமானது.

நடுபவருக்கு எழுதப்படும் தர்மம்

ஒரு முஸ்லிம் மரம் நட்டோ பயிர் விதைத்தோ, அதிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்கு ஸதக்காவாக எழுதப்படும் என்ற கருத்தில் அனஸ் (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. அணில் கடித்த கொய்யாவும் கிளி கொத்திய மிளகாயும் நமக்கு இழப்பில்லை என்று சொல்லும் மார்க்கம் இது. உலக முடிவு நெருங்கி வரும் வேளையிலும் கையில் ஒரு கன்று இருந்தால் அதை நட்டுவிடுமாறு கூறும் நபிமொழியை முஸ்னத் அஹ்மதில் காண்கிறோம். கனி காண்போமா என்ற கணக்கே அங்கே இல்லை. நடும் செயலே வணக்கமாகிறது.

ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் விடுதலைக்காகப் பேரீச்சங்கன்றுகளை நபி (ஸல்) அவர்கள் தம் கரங்களாலேயே நட்டார்கள். ஒரு தையற்காரர் அளித்த விருந்தில் தட்டின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி அவர்கள் உண்டதைக் கண்டு, அன்று முதல் சுரைக்காயைத் தாமும் விரும்பலானதாக அனஸ் (ரலி) கூறுகிறார்கள். சுரைக்காய் என்றதும் முகஞ்சுளிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தியைச் சொல்லி, ஒரு சுரை விதையையும் கையில் கொடுத்தால் என்ன?

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சங்கரன்கோவில் பிரியாணிக்குப் பெயர் பெற்ற ஊர். நம் சமையலின் சுவை நமக்குப் பெருமையே. ஆயினும் நம் தட்டுகளில் காய்கறி ஓர் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டதையும், சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்டதையும் மறைக்க இயலாது. ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அது இரண்டு கிலோ. நம்மில் எத்தனை வீடுகளில் இந்த அளவு எட்டப்படுகிறது? தான் நட்ட செடியில் காய்த்த வெண்டையை எந்தப் பிள்ளையும் எளிதில் ஒதுக்குவதில்லை.

மறுப்புகளுக்கு மறுமொழி

சந்தையில் மலிவாகக் கிடைப்பதை ஏன் பாடுபட்டு வளர்க்க வேண்டும் என்று சிலர் கேட்பர். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து வரும் காய்கறி பல நாட்களில் மலிவுதான். ஆனால் எல்லா நாளும் அப்படியில்லை. 2021 நவம்பர் மழையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. 2023 ஜூலையில் மீண்டும் நூறைத் தாண்ட, சென்னையில் நியாயவிலைக் கடைகள் வழியே கிலோ 60 ரூபாய்க்கு அரசு விற்க நேர்ந்தது. ஐந்து தொட்டிகள் ஒரு குடும்பத்தின் முழுத் தேவையையும் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு, மூன்று நாள் குழம்புக்குக் காய் வீட்டிலிருந்தே வந்தால் அதுவே பெரிய ஆறுதல்.

மற்றொரு பலன் மனத்தளவிலானது. தொண்ணூறு நாள் காத்திருந்து ஒரு கத்தரிக்காயைப் பறித்தவர், தெருவில் கூடை சுமந்து வரும் மூதாட்டியிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசமாட்டார். உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுங்கள் என்ற நபிமொழியை மிம்பரிலிருந்து கேட்பது ஒரு வகை. முதுகு வலிக்க மண் கொத்தியபின் அதை உணர்வது இன்னொரு வகை.

இடமில்லை, நேரமில்லை என்பது அடுத்த மறுப்பு. விசைத்தறி ஓடும் நெருக்கமான தெருக்களில் தோட்டத்துக்கு இடம் கேட்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஒரு கத்தரிச் செடிக்கு ஒரு பழைய அரிசிச் சாக்கு போதும். நேரமோ, காலையில் ஃபஜ்ருக்குப் பின் கால் மணி நேரம். தொழுகை முடிந்து கைப்பேசியைத் தேடும் விரல்கள் அந்தக் கால் மணி நேரம் மண்ணைத் தொட்டால் குறைந்துபோவது ஒன்றுமில்லை. வீட்டோடு அடங்கியிருக்கும் நம் தாய்மார்களுக்கும் மூத்த பாட்டிமார்களுக்கும் வெயிலும் காற்றும் கிடைக்கும் வாயிலாக மாடித் தோட்டம் அமையும்.

தண்ணீர் எங்கே என்பதே கனமான மறுப்பு. கோடையைக் கடந்த நம் ஊர்களில் இக்கேள்வியை அலட்சியம் செய்ய இயலாது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு, அதாவது ஏறத்தாழ முக்கால் லிட்டருக்கும் குறைவான நீரில் உளூ செய்தார்கள். ஓடும் ஆற்றங்கரையிலும் உளூவில் விரயம் கூடாது என்ற கருத்திலான நபிமொழியை இப்னு மாஜா பதிவு செய்துள்ளார். நாமோ குழாயைத் திறந்துவிட்டு ஒரு வேளை உளூவுக்குப் பல லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறோம். முதலில் அந்த விரயத்தைக் குறைப்போம். பிறகு, உளூ செய்த நீரைச் செடிக்குத் திருப்புவோம். அந்நீரைக் கொண்டு மீண்டும் உளூ செய்ய இயலாது என்பதே சட்டம். செடிக்கு ஊற்ற எந்தத் தடையும் இல்லை. ஐவேளையும் நூறு பேர் உளூ செய்யும் ஒரு பள்ளிவாசலின் நீர் மட்டுமே ஒரு சிறு தோட்டத்தை வாழவைக்கும்.

மஹல்லா செய்யக் கூடியது

மதீனாவுக்கு முஹாஜிர்கள் வந்தபோது அன்சாரிகள் தம் பேரீச்சந்தோப்புகளைப் பங்கிட்டுத் தர முன்வந்தனர். நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. அப்படியாயின் நீங்கள் உழைப்பைத் தாருங்கள், விளைச்சலில் பங்கு தருகிறோம் என்று ஏற்பாடு செய்துகொண்டனர் எனப் புகாரியில் வருகிறது. நிலம் ஒருவருடையது, உழைப்பு மற்றொருவருடையது, பலன் இருவருக்கும் என்ற அந்த முறை இன்றைக்கும் பொருந்தும். நம் ஊரில் வெளிநாட்டில் இருப்போரின் மனைகள் முள்மண்டிக் கிடக்கின்றன. வேலையற்ற இளைஞர்களும் ஓய்வுபெற்ற பெரியவர்களும் இருக்கிறார்கள். ஜமாஅத் நிர்வாகம் இடையில் நின்று எழுத்துமூலம் ஓர் உடன்பாடு செய்து தந்தால் இரண்டும் இணையும். வக்ஃபு நிலமாயின் முத்தவல்லியின் இசைவும், விளைச்சல் எதற்குச் சேரும் என்ற தெளிவும் முன்னதாகவே வேண்டும்.

மக்தப் பிள்ளைகளுக்கு ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஒரு நாற்றுக் கொடுக்கலாம். நீங்கள் விதைப்பதை முளைக்கச் செய்பவர்கள் நீங்களா, நாமா என்று அல்லாஹ் வினவும் அல்வாகிஆ அத்தியாயத்தின் வசனங்களை அன்று உஸ்தாத் ஓதி விளக்கட்டும். ஐப்பசியில் அந்தப் பிள்ளைகள் பறித்து வரும் முதற்காயை மஹல்லாவின் ஏழை வீடுகளுக்குச் சேர்க்கட்டும். அறுவடை நாளில் அதன் உரிமையைக் கொடுத்துவிடுமாறு அல்அன்ஆம் அத்தியாயம் பணிக்கிறது. காய்கறிக்கு உஷ்ரு உண்டா என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. வணிகமாகப் பயிரிடுவோர் தம் ஆலிம்களிடம் கேட்டு நடக்கட்டும். தொட்டியில் வளர்ப்போரும் ஒரு பிடியை அடுத்த வீட்டுக்கு எடுத்து வைப்பது அந்த வசனத்தின் உணர்வைப் பேணுவதாகும்.

அடுத்த வீடு என்னும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆடித்தபசு நாட்களில் சங்கரன்கோவில் தெருக்கள் வெளியூர் மக்களால் நிரம்பும். புரட்டாசியில் நம் அண்டை வீட்டார் பலர் புலால் உண்பதில்லை. பெருநாளில் நாம் அனுப்பும் பிரியாணி எல்லா வாசலுக்கும் செல்வதில்லை. அவர்கள் அனுப்பும் சில படையல்களை நம்மாலும் ஏற்க இயலுவதில்லை. இருதரப்பும் மரியாதையோடு ஒதுங்கிக்கொள்கிறோம். ஆனால் ஒரு முறம் அவரைக்காய்க்கு இந்தத் தயக்கம் எதுவும் கிடையாது. அது எந்த வாசலிலும் நுழையும். குழம்பு வைத்தால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுங்கள் என்று அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரையை, சமயம் கடந்து நிறைவேற்ற இதைவிட எளிய வழியை நாம் அறியோம். ஐயங்களும் வதந்திகளும் எளிதில் பரவும் இக்காலத்தில், வேலிக்கு மேலாகக் கைமாறும் ஒரு கைப்பிடி வெண்டைக்காயின் மதிப்பைக் குறைத்து எண்ண வேண்டாம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியதாகத் திர்மிதியில் வருகிறது. விதைப்பது ஒட்டகத்தைக் கட்டுவது போன்றது. மழையும் முளையும் அவனிடம் உள்ளவை. பட்டம் தவறினால் விதைக்கு அடுத்த வாய்ப்பு எளிதில் வாய்ப்பதில்லை. ஆகவே இந்த வாரமே ஒரு சாக்கில் மண்ணை நிரப்புவோம். பிஸ்மில்லாஹ் சொல்லி விதையை ஊன்றுவோம்.

யா அல்லாஹ்! எங்கள் மண்ணுக்குப் பயனுள்ள மழையைத் தருவாயாக. எங்கள் கைகள் ஊன்றும் விதைகளில் பரக்கத் செய்வாயாக. அவற்றை எங்கள் குடும்பங்களுக்கு ஆரோக்கியமாகவும், எங்கள் அண்டை வீட்டாருக்கு அன்பாகவும், எங்களுக்கு நிலையான தர்மமாகவும் ஆக்குவாயாக. ஆமீன்.